எச்சிலில் அளக்கும் டென்ஷன்



ஒரு மனிதரை அடிக்கக் கூடாது, மிரட்டக் கூடாது, ஊசி குத்தக் கூடாது. ஆனால் கால் மணி நேரத்துக்குள் அவருக்கு உள்ளங்கை வேர்த்து நெஞ்சு படபடக்க வேண்டும். எப்படிச் செய்வீர்கள்? மன அழுத்தத்தை ஆராய்கிறவர்களுக்கு இது நெடுநாள் தலைவலியாக இருந்தது. கூண்டைத் திறந்து புலியை விட முடியாதல்லவா! ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் கிளெமென்ஸ் கிர்ஷ்பாம், டிர்க் ஹெல்ஹாமர் முதலிய உளவியலாளர்கள் 1993-இல் ஒரு வழியை வெளியிட்டார்கள். மிகவும் எளிய வழி: ஆளை நாலு பேர் முன்னால் நிறுத்திப் பேசவிடுவது. நான் இப்போது செய்துகொண்டிருப்பதும் அதைத்தான்.

அந்தச் சோதனையில் ஒருவர் வேலைக்கு விண்ணப்பித்தவராக நடிக்க வேண்டும். தயாராவதற்குக் கொஞ்ச நேரம் கொடுப்பார்கள். பிறகு ஒரு குழுவின் முன்னால் நின்று ஐந்து நிமிடம் பேச வேண்டும். எதிரே மைக், வீடியோ கேமரா. கேட்பவர்களுக்குக் கண்டிப்பான உத்தரவு உண்டு: தலையாட்டக் கூடாது, சிரிக்கக் கூடாது, முகத்தில் ஈயாடக் கூடாது. பேச்சு முடிந்ததும் இன்னோர் ஐந்து நிமிடம் மனக்கணக்கு. 1022-இலிருந்து 13, 13-ஆகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். 1009, 996, 983, 970... ஒரு இடத்தில் தவறினாலும், 'மறுபடியும் 1022-இலிருந்து' என்பார் எதிரே இருப்பவர். வீட்டுக்குப் போய்ச் செய்து பாருங்கள். எதிரே மாமனாரை உட்கார வைத்துக்கொண்டால் இன்னும் நன்றாக வேலை செய்யும்.

இதையெல்லாம் செய்துகொண்டே இடையிடையே அவருடைய உமிழ்நீரைச் சேகரித்தார்கள். அதில் கார்டிசால் என்ற ஹார்மோன் இரண்டு முதல் நான்கு மடங்கு வரை ஏறியிருந்தது. ரத்தம் எடுக்காமலே, வாயிலிருந்து வருவதை வைத்தே உடலின் பதற்றத்தைப் பின்தொடரலாம் என்பது அதற்கு முன்பே ஓரளவு தெரிந்ததுதான். ஆனால் உலகம் முழுக்க ஒரே மாதிரி செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று கிடைத்தபிறகுதான் இந்தத் துறை சூடு பிடித்தது.

எதற்காக உமிழ்நீர்? ரத்தம் எடுப்பதே ஒரு டென்ஷன் என்பதால். ஊசியைக் கண்டாலே மயங்கி விழுகிறவர் உண்டு. பதற்றத்தை அளக்கப் போய்ப் பதற்றத்தை உண்டாக்கினால் அது என்ன அளவீடு? இது தவிர ஒரு வேதியியல் காரணமும் இருக்கிறது. ரத்தத்தில் ஓடும் கார்டிசாலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு சும்மா பயணம் செய்கிறது. மிச்சமிருக்கும் சிறு பங்குதான் செல்களுக்குள் போய் வேலை செய்கிறது. கொழுப்பில் கரையும் அந்தச் சுதந்திரமான பங்குதான் சுரப்பிச் சுவரைக் கடந்து உமிழ்நீருக்கும் வருகிறது. ஆக, எவ்வளவு இருக்கிறது என்பதை ரத்தம் சொல்கிறது. எவ்வளவு வேலை செய்கிறது என்பதை எச்சில் சொல்கிறது.

பயத்துக்கும் வாய்க்கும் உள்ள உறவை விஞ்ஞானிகள் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. 'நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது', 'எச்சிலைக் கூட்டி விழுங்கினான்' என்றெல்லாம் நாம் தினமும் பேசுகிறோம். நாரத ஸ்மிருதி முதலிய பழைய சட்ட நூல்களில் திருட்டு வழக்குக்கு அரிசிச் சோதனை என்று ஒன்று வருகிறது. சந்தேகத்துக்கு உள்ளானவர் அரிசியை மென்று இலையில் துப்ப வேண்டும். துப்பியதில் ரத்தம் தெரிந்தாலோ உடம்பு நடுங்கினாலோ அவர் குற்றவாளி. பயத்தில் வாய் காய்ந்துபோனால் காய்ந்த அரிசி ஈறைக் கீறும், ரத்தம் வரும். இன்றைய உடலியல் இதற்கு இப்படித்தான் விளக்கம் சொல்லும்.

கெட்டிக்காரத்தனமான சோதனைதான். ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை. திருடாதவனும் பயப்படுவான். ஊர் கூடி நிற்க, நடுவே நிறுத்தி அரிசியை வாயில் போடச் சொன்னால் நிரபராதிக்குத்தான் முதலில் நா வறளும். பழகிய திருடன் நிதானமாக மென்று துப்பிவிட்டுப் போவான். அந்தச் சோதனை அளந்தது பயத்தை. தீர்ப்பு எழுதியதோ குற்றத்தைப் பற்றி. இந்த இடைவெளியைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இன்று மாலை நான் சொல்லப்போவது பெரும்பாலும் இதைப் பற்றித்தான். அரிசிக்குப் பதிலாக இப்போது எச்சிலை ஒற்றும் ஸ்ட்ரிப்பும் அதைப் படிக்கும் மின்னணு ரீடரும் வந்துவிட்டன. ஓட்டை அப்படியே இருக்கிறது.

உடலியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆபத்து என்று மூளை முடிவு செய்ததும் இரண்டு வழிகளில் ஆணை போகிறது. ஒன்று வேகமானது. நரம்பு வழியாக நொடிகளில் இதயத்தையும் சுரப்பிகளையும் உசுப்புவது. ஹார்வர்டின் வால்டர் கேனன் 1915-இல் எழுதிய நூலில் விவரித்தது இதைத்தான்: நின்று சண்டை போடு, இல்லையென்றால் ஓடு. இரண்டாவது வழி நிதானமானது. மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்ல, அது ரத்தம் வழியே ஆள் அனுப்பி, சிறுநீரகத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியிடம் கார்டிசாலைக் கேட்டு வாங்கும். 1936-இல் மான்ட்ரியல் நகரில் எலிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஹான்ஸ் செல்யே, எந்த விதமான தீங்கு நேர்ந்தாலும் எலியின் அட்ரீனல் வீங்குவதையும் இரைப்பையில் புண் வருவதையும் கண்டு எழுதிய சிறு கடிதம்தான் 'ஸ்ட்ரெஸ்' ஆராய்ச்சியின் பிள்ளையார் சுழி.

இந்த இரண்டு வழிகளுக்கும் உமிழ்நீரில் தடயம் இருக்கிறது. நிதான வழிக்குக் கார்டிசால். வேக வழிக்கு ஆல்பா அமைலேஸ் என்ற நொதி. அமைலேஸ் நமக்குப் பழக்கமானதுதான். சோற்றை நெடுநேரம் மென்றால் இனிக்கிறதே, மாவுச்சத்தை உடைத்து அந்த இனிப்பைத் தருவது இதுதான். சாப்பாட்டுக்கான நொதி எதற்காகப் பயத்தில் ஏற வேண்டும்? உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்கும் அந்த வேக நரம்புகள் வருகின்றன. அவை தூண்டப்பட்டால் நீர் குறைந்து, புரதம் நிறைந்த கெட்டியான எச்சில் வருகிறது. அதில் அமைலேஸ் அதிகம்.

இனிக் கருவிக்கு வருவோம். ஜப்பானில் மசாகி யமகுச்சி என்ற பொறியியல் பேராசிரியரின் குழு, கையில் பிடித்துக்கொள்ளும் அளவில் ஓர் அமைலேஸ் மானியை உருவாக்கி, அதை வைத்து வாகன ஓட்டிகளின் களைப்பை அளந்து பார்த்து 2006-இல் கட்டுரை வெளியிட்டது. நிப்ரோ என்ற மருத்துவக் கருவி நிறுவனம் அதைக் 'கோகோரோ மீட்டர்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. வேலை செய்யும் விதம் இதுதான். ஐஸ்கிரீம் குச்சி மாதிரி ஒரு ஸ்ட்ரிப்; அதன் நுனியில் உறிஞ்சு தாள். அதை நாக்கின் அடியில் முப்பது விநாடி வைத்துக்கொள்ள வேண்டும். எடுத்துக் கருவியில் செருகினால், தாளிலுள்ள எச்சில் இன்னொரு தாளில் ஒற்றி எடுக்கப்படும். அந்த இரண்டாவது தாளில், அமைலேஸ் வெட்டினால் மஞ்சளாக மாறும் ஒரு சேர்மம் தடவப்பட்டிருக்கிறது. எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு மஞ்சள் என்பதை ஒளியால் அளந்து கருவி ஓர் எண்ணைக் காட்டும். மொத்தம் ஒரு நிமிடம். தேவைப்படும் எச்சிலோ முப்பது மைக்ரோலிட்டர். ஒரு சொட்டுக்கும் குறைவு.

எனக்கு இந்தக் கருவியின் மேல் உண்மையிலேயே மரியாதை உண்டு. ஒரு லாரி ஓட்டுநரை ஆய்வகத்துக்கு வரவழைக்க வேண்டாம், நெடுஞ்சாலையோரத்திலேயே அளக்கலாம். பல் மருத்துவரின் நாற்காலியில் குழந்தை உட்காருமுன் ஒரு தடவை, எழுந்தபின் ஒரு தடவை என்று பார்க்கலாம். வேதியியலை இவ்வளவு சிறிய பெட்டிக்குள் அடக்குவது லேசான காரியம் இல்லை.

கார்டிசாலை அடக்குவது அதைவிடக் கடினம். காலையில் ஒரு சராசரி ஆளின் உமிழ்நீரில் லிட்டருக்குப் பத்து நானோமோல் என்று வைத்துக்கொள்வோம். அதாவது பத்து லட்சம் லிட்டர் உமிழ்நீரில் மூன்றரை கிராம் சொச்சம். சென்னையில் கோடை வந்தால் தெருவுக்குத் தெரு ஓடுகிறதே, பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் லாரி, அப்படி எண்பதுக்கு மேற்பட்ட லாரிகளில் அரைத் தேக்கரண்டி உப்பைப் பிரித்துப் போட்டுவிட்டு, ஒரே ஒரு சொட்டை எடுத்து, உப்பு எவ்வளவு என்று கேட்பது போல. இரவில் அந்த உப்பும் சில மடங்கு குறைந்துவிடும்.

இந்த அளவுகளைப் பிடிக்க வழி காட்டியவர் ரோசலின் யாலோ. கதிரியக்கமும் எதிர்ப்பான்களும் சேர்ந்த முறையை சாலமன் பெர்சனோடு சேர்ந்து 1950-களின் இறுதியில் உருவாக்கினார். 1977-இல் நோபல் பரிசு வந்தபோது பெர்சன் உயிரோடு இல்லை. இன்றைய கையடக்கக் கருவிகளில் கதிரியக்கம் கிடையாது. கர்ப்பம் பார்க்க வீட்டிலேயே பயன்படுத்துகிறார்களே, இரண்டு கோடு விழும் பட்டை, அந்த வகைதான். ஆனால் ஒரு வித்தியாசம். கர்ப்பச் சோதனையில் ஹார்மோன் இருந்தால் கோடு விழும். கார்டிசால் பட்டையில் ஹார்மோன் அதிகமாக இருந்தால் கோடு மங்கும். கார்டிசால் மிகச் சின்ன மூலக்கூறு. இரண்டு பக்கமும் இரண்டு எதிர்ப்பான் வந்து பிடித்துக்கொள்ள அதில் இடமில்லை. அதனால், பட்டையில் ஏற்கெனவே ஒட்டவைத்த கார்டிசாலும் எச்சிலில் வந்த கார்டிசாலும் ஒரே எதிர்ப்பானுக்காகப் போட்டி போடுகின்றன. எச்சிலில் வந்தது ஜெயித்தால் கோடு வெளிறும். எவ்வளவு வெளிறியது என்று கண்ணால் சொல்ல முடியாது. அதற்குத்தான் ரீடர், சில முறைகளில் கைபேசி கேமரா.

கருவி பொய் சொல்வதில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிரச்சினை வாயில் தொடங்குகிறது.

ஒருமுறை எங்கள் கல்லூரியில் செய்முறைத் தேர்வு நாளன்று, விருப்பப்பட்ட முதுகலை மாணவர்களிடம் உமிழ்நீர் வாங்கினோம். வாயில் ஊறுவதை ஒரு சின்ன குழல் வழியாகக் குழாய்க்குள் ஒழுகவிட வேண்டும். காறித் துப்பக் கூடாது. சொல்வது சுலபம். எச்சில் பட்ட டம்ளரைத் தொடாமல் வளர்ந்த பிள்ளைகள்! மாணவிகள் வரிசையாகச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்கள். ஒரு பையனுக்கு எவ்வளவு முயன்றும் ஊறவே இல்லை. 'சார், புளியை நினைச்சுப் பார்க்கட்டுமா?' என்று கேட்டான். இன்னொருவன் மரியாதையாக வர வேண்டும் என்று வரும் வழியில் பல்லை அழுத்தித் தேய்த்துவிட்டு வந்திருந்தான். குழாயில் இருந்தது இளஞ்சிவப்பாக இருந்தது. ஈறிலிருந்து கசிந்த ரத்தம். ரத்தத்தில் கார்டிசால் பல மடங்கு அதிகம் என்பதால், கண்ணுக்குத் தெரிகிற அளவு கலந்தாலே அந்த மாதிரியைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். மூன்றாவது ஆள் வாசலில் வடை சாப்பிட்டுவிட்டு வந்தவன். அவனையும் திருப்பி அனுப்பினோம்.

மிச்சமிருந்தவர்களின் முடிவு வந்தது. முகத்தைப் பார்த்து நான் போட்டு வைத்திருந்த கணக்கும் கருவி சொன்ன கணக்கும் ஒத்துப்போகவில்லை. கை நடுங்க பியூரெட்டைப் பிடித்த பிள்ளையின் அளவு சாதாரணம். கடைசிவரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்த பெண்ணின் அளவு மேலே. இது எங்கள் அறையில் மட்டும் நடந்த வேடிக்கை இல்லை. ட்ரியர் சோதனையைப் பயன்படுத்திய பல ஆய்வுகளை காம்ப்பெல், எலர்ட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2012-இல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். 'எனக்குப் பதற்றமாக இருக்கிறது' என்று ஆள் சொல்வதும் அவருடைய கார்டிசால் ஏறுவதும் தெளிவாகக் கைகோத்துப் போனது ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு ஆய்வுகளில்தான்.

நேரம் இன்னொரு சிக்கல். கார்டிசால் ஆணை கிடைத்து, சுரந்து, ரத்தத்தில் பரவி, வாய்க்கு வந்து உச்சத்தைத் தொட இருபது, முப்பது நிமிடம் ஆகிவிடுகிறது. நீங்கள் இப்போது கொடுக்கும் எச்சில் சொல்வது சற்றுமுன் நடந்த கதை. அமைலேஸ் அப்படியில்லை, சில நிமிடங்களில் ஏறி, பத்து நிமிடம் போல் ஆனதும் இறங்கிவிடும். ஆகவே மேலதிகாரி கூப்பிட்டுத் திட்டி முடித்த கையோடு இரண்டையும் அளந்தால், ஒன்று உச்சத்தில் இருக்கும், இன்னொன்றுக்குச் செய்தியே போய்ச் சேர்ந்திருக்காது.

நாள் முழுவதற்கும் ஒரு தாளம் வேறு இருக்கிறது. தூங்கி எழுந்த அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் கார்டிசால் பாதி மடங்குக்கு மேல் குபுக்கென்று ஏறும். பிறகு நாள் முழுக்க இறங்கி, நள்ளிரவை ஒட்டி அடிமட்டத்தைத் தொடும். அமைலேஸ் இதற்கு நேர்மாறு: எழுந்ததும் சற்று விழுந்து, பொழுது ஏற ஏற ஏறும். காலை எட்டு மணிக்கு எடுத்த கார்டிசால் அளவையும் பத்து மணிக்கு எடுத்த அளவையும் ஒப்பிட்டு, 'உங்கள் அழுத்தம் குறைந்திருக்கிறது' என்று ஒருவர் சொன்னால், மாறியது அழுத்தமல்ல, பொழுதுதான். வீட்டில் தாங்களாகவே எடுத்து அனுப்பும்படி கேட்ட ஆய்வுகளில் இன்னொன்றும் வெளியானது. குப்பி எப்போது திறக்கப்பட்டது என்று தானே குறித்துக்கொள்ளும் மின்னணு மூடியை வைத்துச் சரிபார்த்தபோது, நோட்டில் எழுதிய நேரம் ஒன்று, மூடி பதிந்த நேரம் வேறு. ஆறு மணி என்று எழுதியவர் ஏழரைக்கு எழுந்திருப்பார். மனித இயல்பு; குறை சொல்ல ஒன்றுமில்லை.

அமைலேஸ் பற்றி மட்டும் இன்னும் இரண்டு விஷயம். இதன் மரபணு எல்லோரிடமும் ஒரே எண்ணிக்கையில் இல்லை. ஒருவரிடம் இரண்டு பிரதி இருக்கும், இன்னொருவரிடம் பத்துக்கு மேல் இருக்கும். மாவுச்சத்தை அதிகம் உண்ணும் மக்களிடம் சராசரியாகப் பிரதிகள் கூடுதல் என்று 2007-இல் ஜார்ஜ் பெரியின் குழு காட்டியது. எனவே பக்கத்துச் சீட்டுக்காரருக்கு உங்களைவிட மூன்று மடங்கு அமைலேஸ் இருந்தால், அவர் உங்களைவிட மூன்று மடங்கு அவதிப்படுகிறார் என்று பொருளில்லை. அவருடைய பாட்டன் பாட்டி கொடுத்த சொத்தாக இருக்கலாம். இரண்டாவது, காதுக்குக் கீழே கன்னத்தில் இருக்கும் சுரப்பிதான் அமைலேஸின் பெரிய ஊற்று. நாக்கடியில் வரும் நீரில் குறைவு. ஸ்ட்ரிப்பை இரண்டு விரற்கடை தள்ளி வைத்தால் எண் மாறும். போதாததற்கு, அமைதியான நேரத்து நரம்புகளும் அமைலேஸைக் கூட்டும். யோஸ் போஷ் முதலியோர் 2011-இல், இதை வேக நரம்பின் நம்பகமான அளவுகோல் என்று அவசரப்பட்டு எச்சில் ஊறவிட வேண்டாம் என்று குறும்பாகத் தலைப்பிட்டே ஒரு கட்டுரை எழுதினார்கள்.

கார்டிசால் கணக்கைக் கெடுக்கவும் வழிகள் உண்டு. பாடகர்களும் பேச்சாளர்களும் தொண்டைக்காக அதிமதுரம் கடிப்பது நம் ஊர் வழக்கம். உமிழ்நீர்ச் சுரப்பியில் கார்டிசாலைக் கார்டிசோன் என்ற வீரியமற்ற வடிவத்துக்கு மாற்றும் ஒரு நொதி இருக்கிறது. அதிமதுரத்திலுள்ள ஒரு சத்து அந்த நொதியைக் கட்டிப்போட்டுவிடும். மாறாமல் தங்கிய கார்டிசால் எச்சிலில் கூடுதலாகத் தெரியும். இந்த மேடையேறுமுன் நான் ஒரு துண்டைக் கடித்துவிட்டு வந்திருந்தால், கருவியைப் பார்த்து 'பாவம், மனுஷன் நடுங்கிப்போயிருக்கிறார்' என்று நீங்கள் முடிவு கட்டிவிடுவீர்கள். கையில் தடவும் ஹைட்ரோகார்டிசோன் களிம்பு குழாயில் பட்டாலும் இதே கதி.

சரி, இத்தனையையும் சரிசெய்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். வாய் சுத்தம், நேரம் சரி, கருவி துல்லியம். அந்த எண் எதைச் சொல்கிறது? உடம்பு உசுப்பப்பட்டது என்பதை. எதனால் என்பதைச் சொல்லாது. மாடிப்படி ஏறி வந்தாலும் ஏறும், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் கொஞ்சம் ஏறும், மகள் கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்திலும் ஏறலாம். இதைவிட முக்கியமானது, நெடுநாள் துன்பத்தில் அது ஏறாமலும் போகலாம். கிரிகரி மில்லரும் அவருடைய சகாக்களும் 2007-இல் பல பத்து ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, துன்பம் தொடங்கிய புதிதில் கார்டிசால் உயர்ந்தும், நாள் ஆக ஆகச் சாதாரணத்துக்கும் கீழே இறங்கியும் போவது தெரிந்தது. போரையோ வன்கொடுமையையோ கடந்து வந்து அதன் நினைவிலிருந்து மீள முடியாமல் தவிக்கும் பலரிடமும் கார்டிசால் குறைவாகவே காணப்பட்டிருக்கிறது. பத்து வருடமாக நொந்துபோன ஒருவரின் எச்சிலை எடுத்துப் பார்த்துவிட்டு, 'உங்களுக்கு ஸ்ட்ரெஸ் ஒன்றுமில்லை, எண் நன்றாக இருக்கிறது' என்று சொல்வதைவிடக் கொடுமை உண்டா?

இவ்வளவு சொல்வதால் இந்தச் சோதனையே வீண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓர் இடத்தில் இது உயிர் காக்கும் சோதனை. குஷிங் சிண்ட்ரோம் என்று ஒரு நோய் இருக்கிறது. உடல் கட்டுப்பாடின்றிக் கார்டிசாலைச் சுரந்துகொண்டே இருக்கும். முகம் உருண்டு வீங்கும், வயிற்றில் கத்தரிப்பூ நிறக் கோடுகள் விழும், தோல் மெலிந்து தொட்டாலே கன்றிப்போகும், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும். வெறும் உடல் பருமன் என்று நினைத்து வருடக் கணக்கில் அலைகிறவர்கள் உண்டு. நல்ல உடம்பில் நள்ளிரவில் கார்டிசால் தரைதட்ட வேண்டும். இந்த நோயில் இறங்காது. முன்பு இதைப் பார்க்க ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, தூக்கத்தைக் கலைக்காமல் ரத்தம் எடுக்கப் படாத பாடு பட்டார்கள். இப்போது நோயாளியே வீட்டில் படுக்கப் போகுமுன் ஒரு பஞ்சுச் சுருளை வாயில் அடக்கி ஊறவைத்து, குழாயில் போட்டு மறுநாள் கொடுத்தால் போதும். அமெரிக்காவின் எண்டோகிரைன் சொசைட்டி 2008-இல் வெளியிட்ட நெறிமுறையில் இதை முதற்கட்டச் சோதனைகளில் ஒன்றாகச் சேர்த்தது. அதுவும் குறைந்தது இரண்டு இரவு எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. இங்கே கேள்வி தெளிவு, நேரம் தெளிவு, எந்த எண் தாண்டினால் என்ன செய்ய வேண்டும் என்பதும் தெளிவு. ஆனால் இன்றும் இது பெரிய ஆய்வகத்தில்தான் நடக்கிறது. இரவின் அந்தச் சிறு அளவை நம்பகமாகப் பிடிக்கும் கையடக்கக் கருவி நம் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வந்தால், அதற்கு நான் இரண்டு கையாலும் கும்பிடு போடுவேன்.

சந்தையில் விற்கப்படுவது வேறு. நாளுக்கு நான்கு வேளை எச்சில் வாங்கிக்கொண்டு, 'உங்கள் அட்ரீனல் களைத்துப்போய்விட்டது' என்று அறிக்கை கொடுத்து, கூடவே மாத்திரை டப்பாவையும் விற்கும் வியாபாரம் உலகெங்கும் இருக்கிறது. அட்ரீனல் களைப்பு என்றொரு நோய் இருப்பதற்கு அறிவியல் சான்று இல்லை என்று அதே எண்டோகிரைன் சொசைட்டி வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. களைப்பு உண்மை, அதற்கு அந்தச் சுரப்பியின் தலையில் பழியைப் போடுவதுதான் பொய். ரத்தசோகையோ தைராய்டோ தூக்கமின்மையோ காரணமாக இருக்க, ஆள் டப்பாவை வாங்கிக்கொண்டு போய்விடுவார்.

எனக்கு உள்ளபடியே கவலை தருவது அலுவலகம். ஒரு நிமிடத்தில் எண் காட்டும் கருவியை மனிதவளத் துறையின் மேசையில் வைத்துப் பாருங்கள். 'ஊழியர் நலன்' என்று பெயர் வைப்பார்கள். யார் அழுத்தம் தாங்குவார், யாருக்கு இரவுப் பணி கொடுக்கலாம், யாரைக் கழற்றிவிடலாம் என்று அதிலிருந்து கணக்குப் போட எவ்வளவு நேரம் ஆகும்? அந்தக் கருவி பிறந்த ஜப்பானையே பாருங்கள். அதிக வேலையால் சாவு என்பதற்கே தனிச்சொல் வைத்திருக்கும் நாடு அது. 2015 டிசம்பரிலிருந்து, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் ஆண்டுக்கொரு முறை மன அழுத்தச் சோதனை நடத்த வேண்டும் என்று அங்கே சட்டம் கொண்டுவந்தார்கள். அதற்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது எச்சிலை அல்ல, கேள்வித்தாளை. பரிந்துரைக்கப்பட்ட தாளில் 57 கேள்விகள். வேலை அதிகமா, மேலதிகாரியிடம் மனம்விட்டுப் பேச முடிகிறதா, தூக்கம் வருகிறதா என்ற மாதிரி. முடிவு முதலில் ஊழியரின் கைக்குத்தான் போகும். அவர் சம்மதிக்காமல் முதலாளி பார்க்க முடியாது. அழுத்தம் அதிகம் என்று வந்தால் மருத்துவரைச் சந்திக்கக் கேட்கலாம். கேட்டதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது.

நம் நாட்டின் நிலைமை? 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலுக்கு என்று தனி அந்தஸ்து எதுவும் கொடுக்கவில்லை. வேலைவாய்ப்பு தொடர்பான நோக்கங்களுக்காக ஊழியரின் தகவலை ஒப்புதல் இல்லாமலே கையாள இடம் தரும் வாசகமும் அதன் ஏழாவது பிரிவில் இருக்கிறது. உமிழ்நீர் எண் அதற்குள் வருமா என்று வழக்கறிஞர்கள் வாதாடட்டும். அதற்குள் இங்கே ஒரு தொழிற்சங்கமாவது இதைப் பேச்சுவார்த்தை மேசையில் வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

கருவியை வைத்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடாதீர்கள். அவரை அவரோடே ஒப்பிடுங்கள், அதே நேரத்தில், அதே சுத்தமான வாயில், பல நாள் எடுத்து. பக்கத்திலேயே ஒரு தாளில், 'இன்று எப்படி இருக்கிறீர்கள்?' என்று கேட்டு அவர் சொல்வதையும் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டும் முரண்பட்டால் அவர் சொன்னதை அடித்துவிடாதீர்கள்.

மற்றவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். நாளைக்கு உங்கள் அலுவலகத்திலோ பிள்ளைகளின் பள்ளியிலோ, ஸ்ட்ரெஸ் பார்க்கிறோம், இந்த ஸ்ட்ரிப்பை நாக்கடியில் வையுங்கள் என்று யாராவது வந்தால், உடனே வாயைத் திறக்காதீர்கள். இந்த எண்ணை யார் பார்ப்பார்கள், எங்கே சேமிப்பார்கள், இது அதிகமாக இருந்தால் எனக்கு என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மாட்டோம் என்றால் ஸ்ட்ரிப்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.